கொடுக்காத காசுக்கு இரண்டாம் கணக்கு

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்கள் பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ முடிப்பதற்கு அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று வாதாடும் ஒரு கட்டுரையைச் சென்ற மாதம் படித்தேன். எழுதியவர் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதில் இருப்பது அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. டீக்கடையிலும் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்திலும் கோட்டையின் நிதித்துறை அறைகளிலும் வருஷக்கணக்காகப் புழங்கிவருகிற வாதம்தான். ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன். வாதத்தை விடுவதாக இல்லை.

அவர் சொல்வது இதுதான். சிறுவயதில் இவர்களுக்கு இலவசப் பள்ளி இருந்தது, மதிய உணவு இருந்தது. பயன்படுத்திக்கொள்ளாதது அவரவர் பொறுப்பு. ஒரே ஆளின் ஒரே படிப்புக்கு வரி கட்டுகிறவன் இரண்டு முறை பணம் தர முடியாது. இருக்கிற பணம் குழந்தைகளுக்கே போதவில்லை. நாற்பது வயதில் பத்தாம் வகுப்பு முடித்து என்ன ஆகப்போகிறது? உண்மையான ஆர்வம் இருப்பவருக்குத் தனித்தேர்வர் என்ற வழி திறந்தே கிடக்கிறது, எழுதிக்கொள்ளட்டும்.

முதலில் அந்த இரண்டு முறைக் கணக்கைப் பார்ப்போம். பொருளாதாரம் நடத்தியவர் கூட்டல் கழித்தலில் சறுக்குவார் என்று நான் நினைக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பெண்ணுக்காக அரசு ஒன்பதாம் வகுப்பில் என்ன செலவு செய்தது? ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்பில்? அதுவும் இல்லை. அவள் வராவிட்டாலும் ஆசிரியருக்குச் சம்பளம் போனதே என்பாரானால், அது வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்காகப் போன சம்பளம். அவள் பங்குக்குப் புத்தகம் போகவில்லை, சத்துணவு போகவில்லை, பஸ் பாஸ் போகவில்லை. மேலே பிளஸ் டூ, பட்டம், முதுகலை என்று ஏற ஏற ஒரு தலைக்கு அரசு செய்யும் செலவு கூடிக்கொண்டே போகிறது. அந்த ஏணியில் கடைசிவரை ஏறி வந்தவர்கள் நானும் கட்டுரையாளரும். எட்டாவதோடு இறங்கியவள் தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் கட்டிய வரியில் எங்கள் படிப்புச் செலவும் இருக்கிறது. இப்போது அவள் தன் ஒன்பதாம் வகுப்பைக் கேட்டு வந்து நின்றால், அது அவளுக்கு முதல் தவணை. இரண்டாம் முறை என்று சொல்வதற்குக் கணக்குத் தெரியாமை மட்டும் போதாது, கொஞ்சம் நெஞ்சழுத்தமும் வேண்டும்.

அடுத்தது, வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்ற குற்றச்சாட்டு. எந்த வாய்ப்பு, எந்த வருஷத்து வாய்ப்பு? கல்வி அடிப்படை உரிமை என்று அரசமைப்பில் ஏறியது 2002-ல், 86-வது திருத்தத்தால். அதற்கான சட்டம் வந்தது 2009-ல். நடைமுறைக்கு வந்த நாள் 2010 ஏப்ரல் 1. அந்த நாளுக்குள் 14 வயதைத் தாண்டிவிட்டவர்களுக்கு, அதாவது இன்று முப்பதைக் கடந்திருப்பவர்களுக்கு, அந்தச் சட்டம் எட்டவே இல்லை. எட்டியவர்களுக்கும் அது 6 முதல் 14 வயது வரைதான், எட்டாம் வகுப்பு வரைதான். உயர்நிலைப் பள்ளி இந்த நாட்டில் இன்றுவரை எந்தக் குழந்தைக்கும் அந்தச் சட்டம் தந்த உரிமை அல்ல. சட்டம் தராததை இவர்கள் தொலைத்துவிட்டார்கள் என்கிறார் நம் அறிஞர்.

சட்டம் என்ன தந்தது என்றும் பார்க்கலாம். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குக் கீழே இருப்பவர்களை அபாயகரமானவை என்று பட்டியலிட்ட தொழில்களில் மட்டுமே தடுத்தது. மற்ற இடங்களில் குழந்தையை வேலைக்கு வைக்கலாம். எத்தனை மணி நேரம், எப்போது ஓய்வு என்று வரையறுத்ததோடு சரி. எல்லாத் தொழிலிலும் தடை என்று சொல்ல 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் குடும்பத் தொழில் என்ற கதவைத் திறந்தே வைத்தார்கள். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை செய்வதைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நிதியில் கட்ட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் 12 வயதில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இன்று நாற்பதைத் தாண்டியிருக்கும். நாற்பது வயதில் எதற்குப் படிப்பு என்று கட்டுரையாளர் கேட்பது சரியாக இந்த ஆளிடம்தான்.

மதிய உணவும் கட்டணமில்லாப் பள்ளியும் தமிழ்நாட்டில் பெரிய சாதனைகள், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் பள்ளி வைத்த செலவு கட்டணத்தில் இருந்ததே இல்லை. பெரியவளானதும் பெண்ணை நிறுத்தியதற்கும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அக்காவை நிறுத்தியதற்கும், கல்யாணச் செலவுக்கு மூன்று வருஷத்தில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று நூற்பாலைகள் வளரிளம் பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்துக்கும் எந்தப் பள்ளி ரசீதிலும் வரி இல்லை. பதின்மூன்று வயதுப் பெண் தானாக உட்கார்ந்து யோசித்து வாய்ப்பை நிராகரித்தாள் என்று எழுதுவதற்கு ஒரு நல்ல மேசையும் மின்விசிறியும் தேவைப்படும்.

இனி அந்தத் திறந்த வழி. தனித்தேர்வராக எழுதிக்கொள்ளட்டும் என்கிறார். எழுதுவது என்றால் என்ன என்று ஒரு முறை விசாரித்திருக்கலாம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் நிற்கும் பெண்ணை வைத்துக்கொள்வோம். காலை எட்டரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். ஆர்டர் நெருக்கடி என்றால் ஒன்றரை ஷிப்ட். வீடு வந்து சேர இரவு பத்து. பத்தாம் வகுப்பைத் தனியாக எழுத, முதலில் பழைய மாற்றுச் சான்றிதழைத் தேடி எடுக்க வேண்டும். தேர்வுத் துறை செய்தித்தாளில் கொடுக்கும் அறிவிப்பைக் கெடுவுக்குள் பார்த்திருக்க வேண்டும். வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க முடியாது. சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும், அதற்கு அரை நாள் சம்பளம் போகும். கெடுவைத் தவறவிட்டால் தட்கல் என்று தனிக் கட்டணம். அறிவியலுக்குச் செய்முறை உண்டு. அதற்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கப்படும் பள்ளியில் வகுப்புக்குப் போய் 80 சதவீத வருகை காட்ட வேண்டும். அந்த வகுப்பு எந்தப் பள்ளியில், எந்த நாளில் என்பதை அவளுடைய ஷிப்ட் தீர்மானிப்பதில்லை. இத்தனையும் முடிந்தால் ஹால் டிக்கெட் வரும். கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர ஆள் மட்டும் எங்கும் வர மாட்டார்.

அரசு அவளுக்குத் தருவது ஒரு தேர்வு மேசை. அதற்கும் கட்டணம் வாங்கிக்கொள்கிறது. சொல்லித்தரும் வேலையை டுடோரியல்களிடம் விட்டுவிட்டது. 'பத்தாம் வகுப்பு பெயிலா? கவலை வேண்டாம்' என்று மின்கம்பத்தில் தொங்கும் தகர விளம்பரம்தான் இந்த மாநிலத்தில் வயது வந்தோருக்கான உயர்நிலைப் பள்ளி. அங்கே ஆயிரக்கணக்கில் கட்ட முடிந்தவர்களுக்கு ஆர்வம் இருக்கிறது, முடியாதவர்களுக்கு இல்லை என்பதுதான் கட்டுரையாளரின் அளவுகோல் போலும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 1989-லிருந்து. ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது முறை எழுதலாம் என்ற நல்ல ஏற்பாடும் அதில் உண்டு. ஆனால் அங்கேயும் கட்டணம் உண்டு, மையம் ஊர்தோறும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை நேரடி வகுப்பு என்பது பல இடங்களில் பெயரளவுக்குத்தான்.

சான்றிதழால் என்ன ஆகப்போகிறது என்ற கேள்வியை அவர் அரசிடம் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அதை வாசலுக்கு வாசல் கேட்பது அரசுதான். ரேஷன் கடையில் மூட்டை பிரித்துப் பொட்டலம் போடும் கட்டுநர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு கேட்கிறது. அதே கடையில் விற்பனையாளராக நிற்கப் பன்னிரண்டாம் வகுப்பு. அரசு பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு. பெரியவர்களுக்குப் பள்ளிப் படிப்பு வேண்டாம், திறன் பயிற்சி கொடுங்கள் என்று போகிற போக்கில் ஒரு யோசனையையும் வீசியிருக்கிறார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் என்ன தகுதி என்று பார்க்கட்டும். அங்கேயும் அதே பத்தாம் வகுப்புதான்.

பாஸ்போர்ட் விஷயம் இன்னும் வேடிக்கை. பத்தாம் வகுப்பு தேறாதவர், வேறு விலக்குகளுக்குள் வராவிட்டால், குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்போடுதான் பாஸ்போர்ட் பெறுகிறார். சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனி அனுமதி வாங்க வேண்டும். ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பதற்காக என்று காரணம் சொல்லப்படுகிறது, அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் 2018 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் ஒரு படி மேலே போய், இவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் தரப்போவதாக அறிவித்தது. பத்தாவது முடிக்காதவன் என்று விமான நிலைய வரிசையில் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும்படி ஓர் ஏற்பாடு. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதம் முடிவதற்குள் கைவிட்டார்கள். அட்டையின் நிறம் மாற்ற யோசித்த அரசுக்கு, அந்த ஆளைப் பத்தாவது முடிக்க வைக்கலாமே என்று யோசிக்கத் தோன்றவில்லை.

ஹரியானா 2015-ல் ஊராட்சித் தேர்தலில் நிற்கவே கல்வித் தகுதி வைத்தது. பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் தலித்துகளுக்கும் எட்டாம் வகுப்பு. அந்த ஆண்டு டிசம்பரில் ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. நம் ஊர்க் கணக்கும் சுத்தமில்லை. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினாலும், பத்தாவதும் பிளஸ் டூவும் முறையாக முடிக்காமல் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009 ஆகஸ்டில் அரசாணை போட்டது தமிழ்நாடு. சரி, முறை வேண்டும்தான். அந்த முறைப்படி பத்தாவது முடிக்க முப்பது வயது ஆளுக்கு எந்தப் பள்ளியின் கதவைத் திறந்துவிட்டு அந்த ஆணையைப் போட்டீர்கள்?

கட்டுரையில் ஓர் அயல்நாட்டு அறிஞரும் வருகிறார். நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன். சிறுவயதில் போடும் காசுக்குத்தான் பலன் அதிகம் என்று அவர் சொன்னாராம், அமெரிக்காவில் பெரியவர்கள் எழுதும் ஜி.இ.டி. தேர்வால் பெரிய பயன் இல்லை என்றும் அவரே காட்டினாராம். இரண்டும் உண்மை. ஆனால் ஜி.இ.டி. என்பது என்ன? இரண்டாம் உலகப் போருக்குப் போன இளைஞர்களுக்காக 1942-ல் தொடங்கிய தேர்வு. அது பள்ளி அல்ல, பரீட்சை மட்டும். உட்கார்ந்து எழுதித் தேறினால் பள்ளி முடித்ததற்குச் சமம். ஹெக்மன் காட்டியது, பள்ளியில் உட்கார்ந்து படித்தவனுக்குக் கிடைக்கும் பலன் வெறும் பரீட்சை எழுதியவனுக்குக் கிடைப்பதில்லை என்பதைத்தான். கட்டுரையாளர் பரிந்துரைக்கும் தனித்தேர்வர் முறை இருக்கிறதே, அது அசல் ஜி.இ.டி. தன் சாட்சி தனக்கே எதிராகப் பேசுவதைக் கவனிக்காமல் கூண்டில் ஏற்றியிருக்கிறார். ஹெக்மனை ஒழுங்காகப் படித்தால் வகுப்பறைக்கும் ஆசிரியருக்கும் பணம் ஒதுக்கு என்றுதான் முடிவு வரும்.

முதியோர் கல்வித் திட்டங்கள் எல்லாம் தோற்றுவிட்டன என்கிறார். இங்கே அவர் பாதி சரி. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல் உடைக்கும் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கையெழுத்துப் போட்டதோடு அரசுக்கு அலுத்துவிட்டது. ஆறாவதுக்கும் எட்டாவதுக்கும் பத்தாவதுக்கும் அவர்களை ஏற்றிவிடும் படி கட்டப்படவே இல்லை. 2009-ல் வந்த சாக்ஷர் பாரத் திட்டத்தில் ஒரு ஊரின் கல்வி மையத்தை நடத்திய ஊக்குநருக்கு மாதம் 2,000 ரூபாய். அந்தத் திட்டமும் 2018 மார்ச்சோடு முடிந்தது. இப்போது நடப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022 முதல் 2027 வரை ஐந்தாண்டுக்கு, நாடு முழுவதற்கும் 1,037.90 கோடி ரூபாய். இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 207 ரூபாய். ஐந்தாண்டு முழுவதற்கும் சேர்த்து. சொல்லித்தருபவர் தன்னார்வலர், அவருக்குச் சம்பளம் இல்லை. இருநூறு ரூபாயில் தோற்றுப்போனதைக் காட்டி, செலவு செய்வதே வீண் என்று முடிவு கட்டுவது எந்தப் பாடப்புத்தகத்துப் பொருளாதாரம்?

குழந்தைகளின் பணத்தைப் பிடுங்குகிறோமா? 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். மாநிலத்தில் 388 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒரு மாலைநேர உயர்நிலை வகுப்பு என்று வைப்போம். கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது. நாலேகால் மணிக்குமேல் பூட்டித்தான் கிடக்கிறது. பாடத்துக்கு ஒருவராக ஐந்து ஆசிரியர்கள், ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம், வருஷத்தில் பத்து மாதம். ஒரு மையத்துக்கு 5 லட்சம், மொத்தம் 19 கோடியே 40 லட்சம். பள்ளிக் கல்விக்குப் போகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் நாலு பைசா. புத்தகம், தேர்வுக் கட்டணம், மாலையில் ஒரு சுண்டல், கூட வரும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா, நகரங்களுக்கும் இதே போல் மையங்கள் என்று மூன்று மடங்காக்கினாலும் பன்னிரண்டு பைசா. இதனால் எந்தக் குழந்தையின் தட்டில் முட்டை குறையும் என்று அவர் விளக்கட்டும்.

குழந்தைகள் மீது அத்தனை கரிசனம் இருந்தால் அவர் தாய்மார்களைப் பற்றி எழுதியிருப்பார். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஒவ்வொரு சுற்றும் ஒன்றைச் சலிக்காமல் சொல்லிவருகிறது: தாயின் பள்ளி வருஷங்கள் கூடக் கூடக் குழந்தையின் ஊட்டக்குறைவும் சாவும் குறைகின்றன. பத்து வருஷம் பள்ளி முடித்த பெண்கள் எத்தனை பேர் என்பதையே அது ஒரு தலைப்புக் குறியீடாக வைத்திருக்கிறது. 2019-21 சுற்றில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாடு முழுவதும் 41 சதவீதம். தமிழ்நாட்டில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறது இந்த அரசு. அம்மாவுக்கு உரிமைத்தொகை 1,000 தருகிறது. இரண்டும் சரியே. அந்த அம்மா ஒன்பதாவதில் விட்ட கணக்குப் பாடத்தைச் சொல்லித்தர மட்டும் யாரையும் அமர்த்தவில்லை.

நடக்காத காரியம் என்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் கேரளத்தில் எழுத்தறிவு இயக்க ஆணையம் நாலாவது, ஏழாவது, பத்தாவது, பன்னிரண்டாவது என்று பெரியவர்களுக்கான சமநிலை வகுப்புகளை விடுமுறை நாட்களில் பள்ளிகளிலேயே நடத்துகிறது. தலித், பழங்குடிக் கற்போருக்குக் கட்டணம் இல்லை. தையல்காரராக இருந்து நடிகரான இந்திரன்ஸ் தேசிய அளவில் பாராட்டுப் பெற்ற பிறகு, 2023-ல் பத்தாவது சேரப் போனார். ஏழாவது முடிக்காமல் சேர முடியாது என்றார்கள். அடுத்த வருஷம் ஏழாவது எழுதித் தேறினார். விதி விதிதான், அங்கேயும். ஆனால் ஏழாவதுக்கு ஒரு வகுப்பு இருந்தது, போய் உட்கார முடிந்தது. ஸ்வீடன் 1968-லேயே நகராட்சிகளின் பொறுப்பில் பெரியவர்களுக்கான பள்ளியைத் தொடங்கிவிட்டது. அது பணக்கார நாடு என்பார் கட்டுரையாளர். நூற்றுக்கு நாலு பைசாவுக்குப் பணக்கார நாடாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

பள்ளிக் கல்வித் துறையிடம் கேட்பது இதுதான். வருகிற கல்வியாண்டில் ஒன்றியத்துக்கு ஒன்றாக மாலை வகுப்பைத் திறங்கள். செய்முறை வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். பெரியவர்களிடம் தேர்வுக் கட்டணம் வாங்காதீர்கள். பணமில்லை, முடியாது என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்கிற நாளிலிருந்து ரேஷன் கடைக் கட்டுநரிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்பதை நிறுத்திவிடுங்கள்.